ஆனைமூழ்கியில் பூத்த பனித்தும்பி

"நாலு மணி! அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது!"

திட்ட அலுவலர் குலசேகரன் டீ கிளாஸைப் பெஞ்சில் ணங்கென்று வைத்தார். அவருக்குப் பின்னால் லாரி நின்றது. லாரி நிறைய மரக்கன்றுகள், மண்வெட்டியோடு இருபது ஆட்கள். ஆடிக் காற்று கன்றுகளின் தலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"பூவைக் காட்டுங்க, குழி வெட்டுறதை நிறுத்துறேன். இல்லைன்னா நாலு மணிக்கு வேலை ஆரம்பிச்சிரும். வெறும் தரிசும்மா அது! புல்லும் சேறும்தானே? அங்க மரம் வச்சா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"காட்டுறேன் சார்," என்றாள் டெல்சி.

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பூவை அவளே பார்த்ததில்லை. இன்று உயிரோடிருக்கும் யாருமே பார்த்ததில்லை!

டெல்சி தாவரவியல் ஆய்வு மாணவி. மூன்று வருடங்களுக்கு முன் கல்லூரியில் பழைய உலர்செடிக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது ஒரு தாள் அவள் கையில் சிக்கியது. அதில் விரல் உயரத்துக்கு ஒரு தரை ஆர்க்கிட், தும்பி சிறகு விரித்தது போல ஒரே ஒரு பூவோடு ஒட்டப்பட்டிருந்தது. பறித்து எண்பத்தெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அதன்பின் அதைப் பார்த்ததாக எங்கும் ஒரு வரிகூட இல்லை. டெல்சி அதற்குப் 'பனித்தும்பி' என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். தாளின் பின்புறம் யாரோ பென்சிலால் வழி கிறுக்கியிருந்தார்கள். பழைய குதிரைப்பாதை, மூன்று கற்கள், அதற்கப்பால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 'ஆனைமூழ்கி' என்று எழுதியிருந்தது.

கொடைக்கானல் மலையின் மேற்கில், வெள்ளிக்கானல் ஊருக்கு மேலே இருந்த சதுப்புப் பள்ளம்தான் ஆனைமூழ்கி. ஒருகாலத்தில் யானையே முழுகிப்போன இடமாம்! இப்போது அங்கேதான் குலசேகரன் வேலைபார்க்கும் 'பசுங்குடை' அறக்கட்டளை ஆயிரம் மரம் நடப்போகிறது.

"மணி எட்டேகால். ஏறுங்க, ஏறுங்க!" என்று ஜீப்பை முறுக்கினான் இன்னாசி. டெல்சியின் மாமா மகன், அவளைவிட ஒரு வயது மூத்தவன். பள்ளங்கி முதல் பழனி வரை அவன் ஓட்டாத பாதை கிடையாது. ஆனால் ஜீப்பை விட்டு இறங்கினால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்கமாட்டான்.

பின்சீட்டில் வனராணி அரிவாளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பளியர் பழங்குடிப் பெண். இருபத்துமூன்று வயது. நாட்டுச் செடிகள் வளர்க்கும் நாற்றங்காலில் வேலை. விதை சேகரிக்க அவள் போகாத புல்வெளி இல்லை.

"ஓடையோரமா ஏறினா சீக்கிரம் போயிரலாம்க்கா," என்றாள்.

"தெரியும் ராணி. ஆனா மேப்புல அடையாளமெல்லாம் குதிரைப்பாதையிலருந்துதான் இருக்கு. அங்கருந்து வந்தாதான் இடம் பிடிபடும்."

பாதை முடிந்த இடத்தில் ஜீப்பை விட்டார்கள். இன்னாசி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டினான். தூறல் விழுந்ததால் டெல்சியின் போனையும் கேமராவையும் வாங்கித் தன் தோல்பையில் பத்திரப்படுத்திக்கொண்டான். நடை தொடங்கியது!

முதலில் பைன் காடு. காலுக்குக் கீழே காய்ந்த ஊசி இலை மெத்தை. ஒரு புல் இல்லை, ஒரு பூ இல்லை.

"என்னடி, ஒரு குருவிச் சத்தம்கூடக் காணோம்?" என்றான் இன்னாசி.

"இங்க அதுக்குத் திங்க என்ன இருக்கு?" என்றாள் வனராணி.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீகைமரப் புதர். தொண்ணூறு வருடங்களுக்கு முன் குதிரை போன பாதையில் இப்போது மனிதன் நுழைய வழியில்லை! வனராணி வெட்டிக்கொண்டே போனாள். மற்ற இருவரும் முழங்காலில் தவழ்ந்தார்கள். அட்டைகள் காலில் ஏறின. முள் கன்னத்தைக் கீறியது. டெல்சி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து. பத்தே முக்கால். பதினொன்றரை!

சட்டென்று புதர் முடிந்தது. காற்று முகத்தில் அறைந்தது. கண்ணுக்கெட்டியவரை புல்வெளி!

"அப்பாடா! வெறும் புல்லு!" என்றான் இன்னாசி.

"எங்க, ஒரு இடத்துல குனிஞ்சு பாரு," என்றாள் டெல்சி.

குனிந்தான். ஒரே காலடிக்குள் நாலு வகைப் புல் இருந்தது. நடுவில் ஊதாப் பூவோடு காட்டுக் காசித்தும்பை. அதற்குள் தலையை விட்டு ஒரு தேனீ. புல்லின் அடியில் கடமான் கடித்த தடம். சிலிர்த்துக்கொண்டு ஒரு தவளை அவன் மூக்குக்கு நேரே தாவியது! இன்னாசி பின்னால் விழுந்தான்.

சிரிக்க நேரமில்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி பொங்கி வந்துகொண்டிருந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஓடினார்கள். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வலமா, இடமா? இந்தப் பனி மாலை வரை கலையாமல் போனால்?

"அக்கா, கல்லு!"

வனராணியின் கை ஒரு கரும்பாறையில் பட்டது. பக்கத்தில் இரண்டாவது. பாசி மூடிய மூன்றாவது! மூவரும் கத்தியே விட்டார்கள்.

கற்களுக்கு அப்பால் தரை தாழ்ந்தது. பனி விலகும்போதெல்லாம் ஆனைமூழ்கி தெரிந்தது. பச்சைப் பசேலென்று, தாயக்கட்டம் விளையாடலாம் போலச் சமதரை.

"நில்லுங்க!" என்று கையை விரித்துத் தடுத்தாள் வனராணி. "நான் வச்ச இடத்துலதான் கால் வைக்கணும். இந்தா, குடுமி மாதிரி திட்டுத் திட்டா நிக்கிதே, இந்தப் புல்லு, இது கெட்டித் தரை. காட்டுமாடே இதுமேலதான் நடக்கும். கோரை நின்னா முழங்கால் தண்ணி. அழகா, பட்டுத்துணி மாதிரி பச்சைப்பாசி தெரியுதா?"

"ஆமா."

"அது பக்கமே போகாதீங்க. அதுல செவப்பா மினுங்குறது அழுகண்ணி. பூச்சி பிடிச்சுத் தின்னுற செடி. அது இருந்தா அடியில மண்ணே கிடையாதுன்னு அர்த்தம்."

திட்டுக்குத் திட்டு தாவினார்கள். காலுக்குக் கீழே நிலம் படுக்கைபோல ஆடியது. பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. டெல்சி ஒவ்வொரு கோரைப் புதராக விலக்கிப் பார்த்தாள். பொத்தான் போன்ற வெள்ளைப் பூக்கள் இருந்தன, நீலப் பூக்கள் இருந்தன. பனித்தும்பி இல்லை.

இன்னாசியால் பொறுக்க முடியவில்லை. "இப்படி அங்குலம் அங்குலமாப் போனா ஆறு மணி ஆயிரும்! நான் குறுக்க போய் அந்தப் பக்கம் பாக்குறேன்."

"அண்ணே, வேண்டாம்!"

ஒரே எட்டு. பச்சைப்பாசி வாயைப் பிளந்தது! இன்னாசி இடுப்பு வரை உள்ளே போனான். தோல்பை கருஞ்சேற்றில் 'களக்' என்று மூழ்கியது.

"அசையாத! காலை உதைக்காத!" என்று அலறினாள் டெல்சி.

"கீழ... கீழ ஒண்ணுமே இல்ல டெல்சி!" சேறு மார்புக்கு ஏறியது.

வனராணி அரிவாளை ஓங்கினாள். அரிவாள் கோரையில் பாய்ந்தது. கத்தை கத்தையாக அறுத்தாள். அறுத்ததைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாசிமேல் அடுக்கினாள். பாய்போல ஒரு பாலம்! அதன்மேல் டெல்சி வயிறு பதியப் படுத்தாள்.

"கயித்தை வீசு! தோள்லதானே கிடக்கு!"

மூன்றாவது வீச்சில் கயிற்று நுனி டெல்சியின் கைக்கு வந்தது. அவள் அதைப் பின்னால் தள்ளினாள். வனராணி அதை இடுப்பில் சுற்றி, புல்திட்டில் குதிகாலை ஊன்றிச் சாய்ந்தாள். "இழு!" புல்வேர் பிடுங்கிக்கொள்ளுமா? பிடுங்கவில்லை! விரல் விரலாக இன்னாசி மேலே வந்தான். கால்மணி நேரம் கழித்து கோரைப் பாயில் கவிழ்ந்து கிடந்து, இருமி, அழுது, சிரித்தான்.

டெல்சி அப்படியே கன்னத்தைக் கோரையில் வைத்து மூச்சு வாங்கினாள். அப்போதுதான், கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில், அறுபடாத கோரையின் நிழலில், அது காற்றில் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

வெள்ளைச் சிறகு இரண்டு. நடுவில் ஊதாப் புள்ளி.

"ராணி..." என்றாள்.

ஏழு செடிகள் இருந்தன. பூத்தது ஒன்றே ஒன்று. அதன்மேல் கடுகளவு பூச்சி ஒன்று காலில் மகரந்தம் ஒட்ட ஊர்ந்துகொண்டிருந்தது.

"போட்டோ எடு, சீக்கிரம்!" என்று எழுந்தான் இன்னாசி. அப்புறம்தான் நினைவு வந்தது. போன், கேமரா எல்லாம் சேற்றுக்குள்! வனராணியிடம் இருந்தது பொத்தான் போன். அதில் படமும் எடுக்க முடியாது, இங்கே சிக்னலும் கிடையாது.

மணி ஒன்றே முக்கால்.

"பறிச்சிருவோம்," என்றான் இன்னாசி மெதுவாக. "வேற வழி? பூ இல்லாமப் போனா எல்லாமே போயிரும்."

டெல்சியின் கை நீண்டது. விரல் தண்டைத் தொட்டது. மூன்று வருடத் தூக்கம் கெட்டது இதற்காகத்தானே! பறித்தால் பள்ளம் பிழைக்கும். ஆனால் இந்தப் பூதான் விதை. இதைப் பறித்தால் அடுத்த வருடம் இங்கே என்ன முளைக்கும்? வனராணியைப் பார்த்தாள். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்சி கையை இழுத்துக்கொண்டாள். "பூ வராது. அவங்களை இங்க வரவைக்கணும்!"

"அப்ப நான் கிளம்புறேன்," என்றாள் வனராணி. சொல்லி முடிப்பதற்குள் மூன்று திட்டு தாண்டியிருந்தாள்.

டெல்சி தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தாள். ஓடைக்கரையிலிருந்து பூ இருக்கும் இடம்வரை, கெட்டியான திட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கீற்றைக் கட்டினாள். குளிரில் பல் கிட்டிய இன்னாசி சும்மா இருக்க முடியாமல் சட்டைப்பையில் ஊறிய நோட்டை எடுத்தான். "பத்தடிக்குப் பத்தடி. இதுக்குள்ள எத்தனை வகைன்னு எண்ணுறேன்."

கீழே, லாரியருகில் வனராணி மூச்சிரைக்க நின்றபோது மணி இரண்டரை.

"கண்டுபிடிச்சிட்டோம் சார்!"

"எங்க பூ?"

"அங்கதான் இருக்கு."

"போட்டோ?"

"போன் முழுகிருச்சு சார்."

குலசேகரன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "விளையாடுறியாம்மா? பேச்சு என்ன? பூவைக் காட்டணும்."

"ஆமா சார். காட்டணும்னுதான் சொன்னீங்க. எங்க வச்சுக் காட்டணும்னு சொல்லலையே? வாங்க, காட்டுறோம்!"

லாரியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கங்காணி அங்கம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். "போய்த்தான் பாருங்களேன் சார். சித்திரையில ஊர் ஓடையெல்லாம் காஞ்சாலும் இந்த ஓடை காயாது. எங்க பூண்டுக்கும் கேரட்டுக்கும் இதான் தண்ணி. மேல என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்."

குலசேகரன் முகம் சிவந்தது. பிறகு, பேன்ட்டைச் சுருட்டினார்.

மூன்றே முக்காலுக்கு அவர் வனராணிக்குப் பின்னால் ஓடைக்கரை ஏறி வந்தார்; ஆட்களும் பின்தொடர்ந்தார்கள். மஞ்சள் கீற்றுகள் காற்றில் படபடத்தன.

"கீற்று கட்டின புல்லுமேல மட்டும் கால் வையுங்க!" என்று டெல்சி கத்தினாள்.

ஆறாவது திட்டில் அவர் காலை வைக்கப் போனபோது, புல்லுக்கடியிலிருந்து பழுப்பு நிறக் குருவி ஒன்று விருட்டென்று பறந்தது. அவர் ஒற்றைக் காலில் தள்ளாடினார். குனிந்து பார்த்தார். திட்டின் அடியில், புல்நுனிகள் கூரைபோல வளைந்த இடத்தில், குழிந்த கூடு. மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தன.

"நெட்டைக்காலி சார்," என்றாள் வனராணி. "மரத்துல கட்டாது. இந்தத் திட்டுப் புல்லு இருந்தாதான் கூடு."

அவர் அந்தக் காலை வேறு திட்டில் வைத்தார். மிக மெதுவாக வைத்தார்.

பூவின் முன் அவர் மண்டியிட்டுக் குனிந்தார். "இவ்வளவு சின்னதா?" என்றார்.

"சின்னதுதான் சார்," என்றான் இன்னாசி. "ஆனா இதைச் சுத்தி பத்தடிக்குள்ள நாப்பத்திமூணு வகை இருக்கு. பதினெட்டுக்கு டெல்சிக்கே பேர் தெரியல. தவளைக்குஞ்சு ஊறுற பாசி, காட்டுமாடு மேய்ஞ்ச புல்லு, குருவி விதை பொறுக்குற கோரை... படிக்கவா?"

"படிங்க," என்றார் குலசேகரன். தன் போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் எழுந்து, முழங்கால் சேற்றைத் துடைக்காமலேயே சொன்னார்: "தரிசுன்னு எழுதினது நான்தாம்மா. மேலே ஏறிப் பாக்காம, கீழருந்தே எழுதிட்டேன். இங்க ஒரு குழியும் விழாது. மேலிடத்துக்கும் நானே எழுதுறேன்."

ஓடைக்கரையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் 'ஓ'வென்று கத்தினார்கள். அங்கம்மாள் விசிலே அடித்தாள்!

ஜீப்பை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று, கன்றுகளோடு திரும்பிய லாரியில் மூவரும் ஏறிக்கொண்டார்கள். செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால், வெள்ளிக்கானலுக்குள் லாரி நுழைந்தபோது கோயில் திருவிழாபோல ஊரே தெருவில் நின்றது. டெல்சி கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். ஒரே ஒரு பூவைத் தேடித்தான் போனார்கள். ஆனால் அவர்களை நடக்கவைத்தது புல். இன்னாசியைக் காப்பாற்றியது கோரை. அதிகாரியை நிற்கவைத்தது ஒரு குருவிக்கூடு. அவள் தேடிப் போகாதவைதான் அவளைத் தாங்கியிருந்தன.

"தம்பி, இது என்ன செடி?" என்று சாலையோரம் தொங்கிய மஞ்சள் பூவைக் காட்டினாள் அங்கம்மாள்.

"அதுவா? அது..." என்று நெஞ்சை நிமிர்த்தி ஒரு பேரைச் சொன்னான் இன்னாசி.

"அது இல்லண்ணே," என்றாள் வனராணி.

லாரியே சிரித்தது. இன்னாசி நனைந்த நோட்டைத் திறந்தான். "சரி, சரி. நீயே சொல்லு. எழுதிக்கிறேன்!"