கடிபட்ட வெளிச்சம்

கார்குழலியின் செல்போன் 'டிங்' என்றது.

திருவொற்றியூர் கடலோரம். காலை வெயில். கருங்கல் பாறைகளின் மேல் ஒரு புதுமாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருக்க, அவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தவள் கேமராவை இறக்கிவிட்டு போனை எடுத்தாள்.

தெரியாத நம்பர்.

ஒரே ஒரு போட்டோ.

அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஒரு மனிதர் பாறையில் மல்லாந்து படுத்திருந்தார். முகம் மட்டும் அத்தனை துல்லியம். பின்னால் கடலும் வானமும் ஸ்பூன் போட்டுக் கலக்கிய காபி மாதிரி அவர் தலையைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தன. அலைகளில் பட்ட வெயில் ஒவ்வொன்றும் ஒரு வெளிச்ச வட்டமாக, சோப்புக் குமிழியாக மிதந்தது...

அப்புறம்தான் அந்தக் கண்களைக் கவனித்தாள்.

திறந்திருந்தன. ஒரு கண்ணின் ஓரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றி, வாரால் இறுக்கிய சிவப்புத் தடம்.

கஸ்பார்!

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு மாடியில் கடை வைத்து, பழைய லென்ஸ்களைப் பிரித்துத் துடைத்து விற்கிற கஸ்பார். கல்யாணமும் குழந்தைகளும் படமெடுத்துப் பிழைக்கிற வியாசர்பாடி கார்குழலிக்கு, பழைய லென்ஸ் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். புது லென்ஸ் உள்ளதை உள்ளபடி காட்டும். பழசு கொஞ்சம் புளுகும். அந்தப் புளுகு அவளுக்குப் பிடித்திருந்தது.

கஸ்பாரின் நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால் அலைச் சத்தம்...

கட் ஆனது.

மறுபடியும் 'டிங்'.

இரண்டாவது போட்டோ. பச்சை சுடிதார் போட்ட ஒரு பெண்ணின் முதுகு. அவள் எதிரே பாறைமேல் ஒரு புது ஜோடி. சுற்றிலும் அதே சுழல்.

கார்குழலி குனிந்து தன் சுடிதாரைப் பார்த்தாள்.

பச்சை.

திரும்பிப் பார்த்தாள். வலை உலர்த்துகிறவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், மீன் வாங்க வந்த கும்பல். அதில் யார் வேண்டுமானாலும் அவன். எல்லோரும் அவளைப் பார்ப்பதுபோலவே இருந்தது.

உடம்பு சரியில்லை என்று ஜோடியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். எங்கே என்று டிரைவர் கேட்டான்.

"ஸ்டேஷனுக்கு..."

"எந்த ஸ்டேஷன், ரயிலா?"

"போலீஸ்ணா. சீக்கிரம் போ."

---

இன்ஸ்பெக்டர் செங்குட்டுவன் ஆறடி உயரம். குரல் மட்டும் மெத்தென்று இருந்தது. தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, போட்டோவை வாங்கிப் பார்த்தார். அதில் ஓரமாகத் தெரிந்த நீலப் படகை வைத்து இடத்தை ஊகித்து, இரண்டு கான்ஸ்டபிள்களை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

உடல் இருக்கிறது.

வழக்கமாக வரும் போட்டோகிராபரை ஸ்பாட்டுக்கு வரச் சொல்லி ஒரு போன் போட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எதுக்கும்மா அனுப்பறான்?"

"லென்ஸுக்காக சார்."

அவர் புருவம் உயர்ந்தது. கார்குழலி திணறித் திணறிச் சொன்னாள். இந்தப் படங்களை எடுத்தது ஒரு பழைய ரஷ்யன் லென்ஸ். பின்னணி இப்படிச் சுழல்வது அந்த ஜாதிக்கே உள்ள குணம். அதில் ஒன்றைக் கஸ்பார் யாருக்கோ இரவலாகக் கொடுத்திருந்தார். அந்த ஆள் வருஷக்கணக்காகத் திருப்பித் தரவில்லை. போன வாரம்தான் சண்டை போட்டு வாங்கினாராம். துடைத்து, கிரீஸ் மாற்றி, அவளுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இரவல் வாங்கியவனின் பெயரைச் சொல்லவில்லை.

"ரஷ்யன் லென்ஸ் ஊர்ல ஆயிரம் இருக்குமே? அதேதான்னு எப்படிச் சொல்றே?"

அவள் போனில் இன்னொரு படத்தைக் காட்டினாள். போன வாரம் கடையில் வைத்து, அந்த லென்ஸில் அவளே எடுத்த கஸ்பார். பின்னால் சீரியல் பல்பு வெளிச்சம் வட்டம் வட்டமாக.

"இந்த வட்டத்தப் பாருங்க சார். கீழ, வலது பக்கம். எலி கடிச்ச அப்பளமாட்டம் ஒரு பிறைத் துண்டு இல்ல. பின்பக்கக் கண்ணாடில ஒரு சில்லு பேந்துகீது. அதனால எல்லா வட்டத்துலயும் ஒரே எடத்துல இந்தக் கடி வரும். இப்ப அவன் அனுப்பின படத்தப் பாருங்க."

கடி இருந்தது. கடலின் ஒவ்வொரு வெளிச்சத்திலும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

அவர் எழுந்துபோய் கதவைச் சாத்தினார். ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

கார்குழலி யதேச்சையாகத்தான் சுவரைப் பார்த்தாள்.

அவர் நாற்காலிக்கு மேலே ஒரு பிரேம் போட்ட படம். கேக் வெட்டும் ஒரு சின்னப் பெண். இன்ஸ்பெக்டரின் ஜாடை. பின்னால் கலர் பல்புகள் வெளிச்ச வட்டங்களாகச் சுழன்றுகொண்டிருந்தன.

எல்லா வட்டத்திலும் ஒரு கடி.

கீழே. வலது பக்கம்.

சாத்திய கதவு. முன்னால் ஆறடி உயர மனிதர். யாரிடமும் சொல்லவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது...

"என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் பார்வை போன திசையில், சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"போனைக் குடு. எவிடென்ஸ். ஜீப்ல ஏறு. பாடியை அடையாளம் காட்டணும்."

---

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஜீப் ஓடியது. பக்கத்தில் அவர் அவள் போனைப் புரட்டிக்கொண்டே வந்தார். குதித்துவிடலாமா என்று கார்குழலி நினைத்தாள். கதவுக்கு வெளியே லாரிச் சக்கரங்கள் அவள் உயரத்துக்குச் சுழன்றன. அம்மாவின் நம்பர் மனதில் ஓடியது. போன்தான் அவர் கையில்.

ஜீப் நின்றது.

பாறைகளுக்குக் கீழே கும்பல். கஸ்பாரின் செருப்புக் கால் தெரிந்தது. இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு செங்குட்டுவன் இறங்கிப் போனார். அவளால் நிற்க முடியவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இன்னாம்மா... தெரிஞ்சவரா?"

தலை நரைத்த ஒரு மனிதர். சாந்தமான முகம். தோளில் கேமரா பை. பாடியைப் படமெடுத்துவிட்டு மேலே ஏறி வந்திருந்தார். அசோகன் என்று பெயர் சொன்னார். தண்டையார்பேட்டைக்காரர். பதினெட்டு வருஷமாக ஸ்டேஷனுக்குப் பிணங்களைப் படமெடுக்கிறவர். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

கேமராக்காரர். தன் ஜாதி. கார்குழலிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"அண்ணா, எனக்கு இங்க யாருமில்ல. நீதான் காப்பாத்தணும். கொலை பண்ணது இன்ஸ்பெக்டருணா."

அசோகன் திடுக்கிட்டுக் கீழே பார்த்தார். மெதுவாப் பேசு என்று சைகை காட்டினார். அவள் கிசுகிசுத்தாள். கஸ்பாரைக் கொன்றவனிடம்தான் அந்த லென்ஸ் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ரூமில் மாட்டியிருக்கிற பர்த்டே படமும் அதே லென்ஸில் எடுத்தது, இரண்டையும் பார்த்தாலே தெரிந்துவிடும்... அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் கீழே இன்ஸ்பெக்டரின் குரல் கேட்க, நிறுத்திக்கொண்டாள்.

அசோகன் சாவியை எடுத்தார்.

"இங்க இருந்தா உன்ன வுட மாட்டாங்க. வண்டில ஏறு கண்ணு. நேரா கமிஷனர் ஆபீஸு. நான் சாட்சி சொல்றேன்."

அவள் ஏறினாள். இருவருக்கும் நடுவில் அவர் கேமரா பை. ஸ்கூட்டர் கிளம்பியது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவளால் மூச்சை முழுசாக இழுத்துவிட முடிந்தது.

அசோகன் காற்றோடு பேசிக்கொண்டே ஓட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் எடுத்த படத்தை ஒருத்தரும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லையாம். பைலில் குத்துவார்கள், கட்டி பரணில் போடுவார்கள். உயிரோடு இருக்கிற முகம் ஒன்று எடுக்கக் கிடைத்தது அந்த பர்த்டேயில்தான் என்றார்.

கார்குழலிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"அந்தப் படம்... நீங்க எடுத்ததா?"

"நான்தான். எல்லாம் நல்லா வந்துச்சு. அந்தக் கடி மட்டும்தான் பேஜாரு. கீழ, வலது பக்கம். கம்ப்யூட்டர்ல எத்தினி வாட்டி அழிச்சாலும் போவல."

கடியைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

கார்குழலி தலையைத் திருப்பினாள். கமிஷனர் ஆபீஸுக்குப் போனால் கடல் இடது பக்கம் வரவேண்டும்.

வலது பக்கம் வந்துகொண்டிருந்தது.

வண்டி எண்ணூரை நோக்கிப் பறந்தது.

"அத்த என்கிட்டேர்ந்து புடுங்கி உனக்குத் தரேன்னான்மா." குரல் இன்னும் சாந்தமாகவே இருந்தது. "கெஞ்சினேன். கடைசியா ஒரு படம் எடுத்துக்கறேன்னு விடியகாலைல லென்ஸோட கடலாண்ட கூட்டிகினு வந்து, கால்ல கூட வுழுந்தேன். சிரிச்சான். பொணம் புடிக்கறவனுக்கு எதுக்குய்யா இந்த லென்ஸுன்னான். உன் நம்பரும், இன்னிக்கு இங்கதான் ஷூட்டிங்னு நீ போட்ட மெசேஜும் அவன் போன்லதான் இருந்துச்சு. நீ பார்த்தியே கஸ்பார் படம்... உண்மையச் சொல்லு. நல்லா இல்ல?"

ஜீப் வருகிறதா என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் முகமும் நல்லா வரும். அனல்மின் நிலையத்துக்குப் பின்னால ஒரு எடம் கீது. யாரும் வரமாட்டாங்க. வெளிச்சம் அப்படி வுழும்."

எர்ணாவூர் தாண்டியதும் வழக்கமான கன்டெய்னர் வரிசை. லாரிகளின் சந்தில் ஸ்கூட்டர் வேகம் குறைந்து நெளிந்தது. குதித்தால் சக்கரம். கத்தினால் ஏர்ஹாரனில் கரைந்துவிடும். கார்குழலியின் விரல்கள் தன்னையறியாமல் நடுவில் இருந்த பையின் ஜிப்பை இழுத்தன. உள்ளே துழாவின. பெரிய கேமரா... ஒரு துணி... துணிக்குள் கனமாக, உருண்டையாக, சில்லென்று ஒரு உலோகம்.

பார்க்காமலே தெரிந்தது. இரவு தூக்கத்தில்கூட அதை அவள் திருகிப் பார்த்திருக்கிறாள். ஆசைப்பட்ட பொருள். கைக்கு வந்துவிட்டது.

"அசோகண்ணா."

"இன்னா?"

"இத்தப் புடி."

அவர் திரும்பிப் பார்க்க, லென்ஸை நகர்ந்துகொண்டிருந்த கன்டெய்னர் லாரியின் அடியில் வீசினாள்.

அசோகன் போட்ட அலறல் ஏர்ஹாரனையும் மீறிக் கேட்டது. ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டார். வண்டி சரிந்து, கார்குழலி முழங்கை தேய ரோட்டில் விழுந்தாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரியை நோக்கி ஓடினார்.

பின்சக்கரம் ஏறி இறங்கியது.

நொறுக் என்று ஒரு சின்னச் சத்தம்.

அசோகன் தார் ரோட்டில் மண்டியிட்டார். கண்ணாடித் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். கையெல்லாம் ரத்தம். கும்பல் கூடியது. மூச்சிரைக்க ஓடிவந்த செங்குட்டுவன் அவர் தோளில் கை வைத்தபோதும் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

---

லாரி வரிசையில் ஜீப் சிக்கிக்கொண்டதால், கடைசித் தூரத்தை ஓடியே வந்திருந்தார் இன்ஸ்பெக்டர். ரோட்டோரம் உட்கார்ந்து, முழங்கையில் கர்ச்சீப் கட்டியிருந்த கார்குழலியிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். சுவரைப் பார்த்து அவள் வெளுத்தது அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஜீப்பில் அவள் போனிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், தன் சுவர்ப் படத்திலும் அதே கடி இருப்பது உறைத்தது. அந்த பர்த்டே படத்தை எடுத்தது யார் என்று பாறைக்குக் கீழே நிற்கும்போது ஞாபகம் வந்து, நிமிர்ந்தால், மேலே இரண்டு பேருமே இல்லை. ஸ்கூட்டர் எண்ணூர் பக்கம் போனதை ரோட்டில் நின்றவர்கள்தான் காட்டினார்களாம்.

"வாயத் திறந்து ஒரு வார்த்தை, இது யார் எடுத்ததுன்னு கேட்டிருக்கலாமேம்மா?"

"நீங்க கதவச் சாத்தினீங்களே சார்."

அவர் தலையைச் சொறிந்தார். லாரிச் சத்தத்தில் அவள் பேசியது காதில் விழவில்லை, அதனால்தான் சாத்தினேன் என்றார்.

கார்குழலி நடுரோட்டைப் பார்த்தாள். அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட ஜீப்பில் அசோகனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூடிய அவர் கையை இரண்டு கான்ஸ்டபிள்களாலும் திறக்க முடியவில்லை. பயம் அவளுக்கு இப்போதுதான் முழுசாக வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை செங்குட்டுவன் பக்கத்திலேயே நின்றார்.

அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டார்.

"அக்யூஸ்டைப் படம் எடுக்கணும்மா. எங்க போட்டோகிராபரையே அரெஸ்ட் பண்ணிட்டோம். நீ எடுத்துத் தர்றியா?"

கார்குழலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன வுட்ருங்க சார். அவர பக்கத்து இ-சேவை மையத்துக்குக் கூட்டிகினு போங்க. ஆதார் கார்டுக்கு எடுக்கற கேமராவுல நல்லவங்களே கொலகாரனாட்டம்தான் வருவாங்க!"