எண்ணிக்கையில் இருவர்

அருங்காட்சியக வாசலில் நின்ற காவலாளி, உள்ளே போகிறவர்களை எண்ணும் சின்னக் கருவியைக் கட்டைவிரலால் இரண்டு முறை அமுக்கினார். க்ளிக், க்ளிக். டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஈரப் படிக்கட்டும் ஒரு புறாவும்தான் இருந்தன.

"நான் ஒருத்திதான் வந்தேன்."

"சரிம்மா, ரெண்டு பேரும் உள்ள போங்க," என்று அவர் சிரித்தார்.

பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். எண்ணிக்கை தப்பினால் பொறுக்காது. ஆனால் பத்து வருஷ ஆசைக்குப் பிறகு தமிழ் பேசும் வெளிநாட்டு ஊருக்குத் தனியாக வந்த பயணம், அதுவும் கடைசி நாள். காவலாளியிடம் மல்லுக்கு நின்று அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாள். காலையில்தான் மகள் போனில் மூக்கை உறிஞ்சியிருந்தாள். "நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவியாம்மா? சித்திக்குத் தலை பின்னவே தெரியல." சத்தியம் செய்து கொடுத்த பிறகே அழுகை நின்றது.

உள்ளே அந்துருண்டை வாசனையும் பழைய மரத்தின் புழுக்கமும் கலந்து கிடந்தன. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் யார் யாரோ உடுத்திய துணிகள் தலையில்லாமல் நின்றன. மரத்தரையில் அவள் செருப்புச் சத்தம் அறை அறையாகக் கூடவே வந்தது. அவள் நின்ற பிறகும் ஓர் அடி கூடுதலாக விழுந்தது. எதிரொலிதான் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

கடைவீதியில் கூட்டம் நெரிந்தது. செருப்புத் தைப்பவர், பூக்கடை, பேரம் பேசும் குரல்கள். மனசு கொஞ்சம் நிலைக்கு வந்தது. காபிக்கடையில் பரிமாறும் பெண் இரண்டு தம்ளர் தண்ணீர் வைத்தாள்.

"ரெண்டு எதுக்கும்மா?"

அந்தப் பெண் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். "அதே ஜாடை. அக்கா தங்கச்சிங்களா?"

காபி வரும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. எழுந்தபோது அந்த நாற்காலியில் கை பட்டது. சூடாக இருந்தது.

ஆட்கள் நிறைந்த இடமாகப் போய்விட வேண்டும் என்று எதிரிலிருந்த ஓவியக் காட்சிக்கூடத்துக்கு ஓடினாள். பையையும் போனையும் போர்த்தியிருந்த நீலச் சால்வையையும் முகப்பில் வாங்கி வைத்துக்கொண்டு எண் போட்ட வில்லை கொடுத்தார்கள். இந்த வாசல் காவலாளி கையிலும் அதே கருவி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள்.

க்ளிக். ஒன்றுதான்.

அப்பாடா! உடம்பே லேசானது. வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள், எதிரே வருகிறவர்கள் யாரும் விலகிப் போகவில்லை. இவள்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. அறை அறையாக விளக்குகள் அணைந்தன. முகப்புக்கு விரைந்தாள். பை வைத்த தட்டு காலியாக இருந்தது.

"என் பை எங்கம்மா?"

முகப்புப் பெண் நிமிரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

"எண்ணிக்கை சரியா இருக்கு. உள்ள ஒருத்தரும் இல்ல," என்றார் காவலாளி. வெளியே போய் கண்ணாடிக் கதவைப் பூட்டினார்.

தட்டினாள். கத்தினாள். அவர் திரும்பவில்லை.

அந்த ஒரு க்ளிக். அது இவளுக்கு இல்லை.

வெளியே, படியில், நீலச் சால்வை. இவள் பை. உயர்த்திய கையில் இவள் போன். திரையில் மகள்.

"அம்மா, உனக்குப் பின்னால கதவை யாரும்மா தட்டுறாங்க?"

"யாருமில்லடா கண்ணு." இவளுடைய குரல். "காலையில வந்துடறேன்."

படியில் நின்றவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். முகம் பார்க்கிறவள்போல நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

உள்ளே டீச்சரின் கையும் தானாகவே எழுந்து, வெற்று நெற்றியில் இல்லாத முடியை ஒதுக்கியது.