யோசேப்பின் வசனம்

"ஏம்மா! உள்ள மெஷின் சத்தம் நின்னு போச்சே... நின்னுகிட்டே தூங்கறியா?"

கல்லாவில் உட்கார்ந்தபடி மாமியார் போட்ட சத்தம், கண்ணாடி அலமாரியைத் தாண்டி, மாவு மூட்டைகளைத் தாண்டி, அடுப்பறைக்குள் வந்து விழுந்தது. மருமகளுக்குத் தூக்கமா! கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பேக்கரியில் தூங்குகிறவள் எந்த ஊரிலும் கிடையாது. மாவு கலக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு கையால் போனைக் காதில் அழுத்தி, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள் அவள். கை முழுக்க வெண்ணெய். அது இப்போது கன்னத்திலும் அப்பியிருப்பது அவளுக்கு உறைக்கவேயில்லை.

"கோர்ட் உத்தரவு நேத்து சாயங்காலம் வந்துடுச்சும்மா," என்றார் குழந்தைகள் இல்லத்துப் பொறுப்பாளர். "லீவு முடிஞ்சு வரச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் மனசு கேக்கல. பண்டிகை அன்னைக்குப் பிள்ளை தன் வீட்ல இருக்கட்டுமே! இன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போறீங்களா?"

தூக்கிட்டுப் போறீங்களா என்று ஒரு கேள்வி! "இதோ... இதோ வரேம்மா!" என்று போனை வைத்தாள்.

அடுப்படியில் தட்டுகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "ஏங்க... வரச் சொல்லிட்டாங்க! நம்ம பொண்ண... இன்னைக்கே!"

அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு கல்லாப் பக்கம் ஒரு திருட்டுப் பார்வையும் போனது. "அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலியே..."

"எப்பதாங்க சொல்லப் போறீங்க? மைதா வாங்கப் போறோம், வெண்ணெய் வாங்கப் போறோம்னு பொய் சொல்லியே இத்தன மாசமா அவளப் போய்ப் பாத்துட்டு வந்தோம். இனிமே அவள மைதா மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சா வளக்க முடியும்?"

"சாயங்காலம் நாடகத்துக்கு முன்னாடி சொல்லிடறேன். சத்தியமா! கையெழுத்தெல்லாம்தான் போட்டாச்சே, நீ போய் அழைச்சிட்டு நேரா சர்ச்சுக்கு வந்துடு."

நாடகம் என்றால் டீச்சரம்மாவின் நாடகம். அதாவது மாமியாரின் நாடகம். ஞாயிறு பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் ஆலயத்தில் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின மாலை நடக்கும் இயேசு பிறப்பு நாடகத்தை எழுதியவளும் அவளே, ஆட்டி வைப்பவளும் அவளே. வருடா வருடம் யோசேப்பு வேடம் மகனுக்கு. மருமகளுக்கு உடுப்புகளை இஸ்திரி போடும் வேலையும், ஓரமாக நின்று திரைக் கயிறு இழுக்கும் வேலையும். ஒரு வருடம், பாலகனாகப் படுக்கப்போகிற குழந்தையை மேடை வரைக்கும் தான் தூக்கி வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டாள். "வேண்டாம்மா, பெத்தவங்க ஏதாவது நெனச்சுக்குவாங்க," என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள் மாமியார். அதற்குப் பிறகு அவள் கயிறோடு சரி.

அடுப்பறைக் கதவு படாரென்று திறந்தது.

"கேட்டீங்களா சேதிய! தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலாம்! சாயங்காலம் நாடகம், தொழுவத்துல படுக்க வைக்கப் பாலகன் இல்ல!"

"பொம்மை வச்சுக்கலாமே அத்தே?"

"பொம்மையா? என் நாடகத்துல என்னைக்காவது பொம்மை படுத்திருக்கா? இரத்தமும் சதையுமா ஒரு பிள்ளை கெடந்து அழுதாத்தான் அது கிறிஸ்மஸ்!" என்ற டீச்சரம்மாவின் பார்வை, மருமகள் அவிழ்த்துக்கொண்டிருந்த ஏப்ரனில் விழுந்தது. "நீ எங்க கெளம்பிட்ட?"

"ஒரு அவசர வேலை அத்தே. ஆர்டரெல்லாம் முடிச்சுட்டேன். பெட்டியில போட்டுக் கட்டறதுதான் பாக்கி."

"இன்னைக்கா! நல்ல நாள் பாத்தேம்மா. இந்த வீட்டுக்குத்தான் உன்னால ஒரு பிள்ளையக் குடுக்க முடியல. போற எடத்துல எவகிட்டயாவது ஒரு கைப்பிள்ளைய ரெண்டு மணி நேரத்துக்குக் கடனா வாங்கிட்டாவது வா! அந்தப் புண்ணியமாவது உனக்கு இருக்கட்டும்!"

கணவன் கையிலிருந்த தகரத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. அவன் வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டான். எத்தனை தடவை பார்த்த காட்சி! மற்ற நாளாக இருந்தால் அவள் மாவுக்குள் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இன்று சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டாள்.

"சரிங்க அத்தே. கொண்டு வரேன்!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மரியாளுக்குத் தேவதூதன் நேரில் வந்து சொன்னான், எனக்குப் போனில் சொல்லி அனுப்பியிருக்கிறார் ஆண்டவர், அவருக்கும் இந்த மாசத்தில் வேலை அதிகம்தானே என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரி, தனியாகச் சிரிக்கிறவளைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கல்யாணமான இரண்டாவது வருடம் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். குறை அவளிடம் இல்லை, அவனிடம். மருத்துவமனை வராந்தாவில் அவன் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. 'எங்கம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?' என்று அவன் கேட்டபோது, 'பழி என்மேலயே இருக்கட்டும் விடுங்க, எனக்கு முதுகு அகலம்,' என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளைக்கு என்று நினைத்துச் சொன்ன சொல்தான். அது வருடக்கணக்கில் அந்த வீட்டில் அவளோடு குடித்தனம் செய்தது.

நம்பிக்கையைப் பற்றி ஆலயத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த நம்பிக்கை அடுப்பறையில் கற்றதுதான். கேக்கை உள்ளே வைத்து அடுப்பை மூடிவிட்டால் நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே உப்பி வருகிறது என்று நம்பிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். அப்படித்தான் நின்றாள்... இத்தனை கிறிஸ்மஸ்களாக!

இல்லத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி அந்தப் பெண் குழந்தையை அவள் கையில் வைத்தார்கள். ஆறு மாதக் குழந்தை. தலையில் எண்ணிச் சொல்லிவிடலாம் போல நாலு முடி. அது இவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கட்டைவிரலைப் பிடித்து நேராக வாய்க்குள் கொண்டு போனது. எவ்வளவு கழுவியும் போகாத வெண்ணெய் வாசம் பிடித்துப் போயிற்று போலிருக்கிறது!

"கர்த்தாவே," என்றாள் அவள். அதற்கு மேல் ஜெபிக்கத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

ஆலயத்தை ஒட்டிய அறையில் மேய்ப்பர்கள் தடியால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டும், தேவதூதர்கள் இறக்கை இடிபட நடந்துகொண்டும் ஒரே அமளி. நடுவில் டீச்சரம்மா தலையில் கை வைத்து நின்றாள். வாசலில் மருமகளைக் கண்டாள். அவள் தோளில் கிடந்ததையும் கண்டாள்.

"அடி என் தங்கமே!" என்று ஓடி வந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். முத்தமாகக் கொடுத்துத் தள்ளினாள். குழந்தை அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. "பாத்தியா, வந்ததும் வராததுமா பாட்டி கண்ணாடியப் பிடுங்கறா! பொண்ணா? இருக்கட்டுமே, துணியச் சுத்திட்டா பாலகன்தான்!"

பாட்டி! சொல்லிவிட்டார்... இவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார்! அத்தை மனசார ஏற்றுக்கொண்டுவிட்டாள்! மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "உங்களுக்குப் பிடிச்சிருக்கா அத்தே?" என்று கேட்டாள்.

"பிடிக்காம? இப்படி ஒண்ணு நம்ம வீட்ல தவழ்ந்தா எப்படி இருக்கும்! ஹும்... சரி, யார் வீட்டுப் பிள்ளை இது? எங்க அவங்கம்மா? பால் குடுத்துட்டுத்தான அனுப்பிச்சா?"

மருமகள் மூலையைப் பார்த்தாள். அங்கே தாடி ஒட்டிக்கொண்டிருந்த யோசேப்பு தலையைக் குனிந்துகொண்டான். சொல்லவில்லை. சத்தியம் பண்ணிய மனிதன் இன்னும் சொல்லவில்லை!

யாரோ தெரிந்தவர்கள் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாடகம் நல்லபடி நடக்கும். கிறிஸ்மஸ் நல்லபடி போகும். அவனுக்காக எவ்வளவோ விழுங்கியவளுக்கு இதுவும் இறங்கியிருக்கும். ஆனால் பிள்ளை வந்த முதல் நாளே, இது என் பிள்ளை இல்லை என்று அதன் காதுபடச் சொல்வதா?

"நான்தான் அத்தே அவங்கம்மா."

"என்ன?"

"கடன் வாங்கல அத்தே. தத்தெடுத்திருக்கோம். உங்க பேத்தி..."

மேய்ப்பர்களின் தடிகள்கூட அடங்கிவிட்டன. டீச்சரம்மாவின் கைகள் குழந்தையை மார்பிலிருந்து விலக்கி நீட்டின.

"யாரைக் கேட்டு? யார் பெத்ததோ, எந்த இரத்தமோ! உன் குறைய மறைக்க என் வீட்டுக்குள்ள கொண்டாந்து விடுவியா? என் பிள்ளை தலையில கட்டுவியா?"

குழந்தை வீரிட்டு அழுதது. மருமகள் அதை வாங்கித் தோளில் போட்டாள். ஆச்சரியம், அவளுக்கு அழுகை வரவில்லை.

"சரிங்க அத்தே. இவளுக்கு எடமில்லாத வீட்ல எனக்கும் எடம் வேண்டாம். கேக் பெட்டியெல்லாம் மேல் தட்டுல இருக்கு. இஸ்திரி போட்ட உடுப்பு அந்தப் பையில இருக்கு. நாங்க வரோம்."

"நில்லு!"

யோசேப்பு வந்துகொண்டிருந்தான். ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் தொங்கியும் ஆடியது தாடி. யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா, நீ எனக்கு எழுதிக் குடுத்த வசனம் ஞாபகம் இருக்கா?"

"இப்ப என்னடா நாடகம் வேண்டிக் கெடக்கு!"

"'இந்தப் பிள்ளை என் இரத்தம் இல்லை. ஆனாலும் நான் இதற்குத் தகப்பன். என் வீட்டுக் கதவு இதற்கு எப்போதும் திறந்திருக்கும்.' வருஷா வருஷம் சொல்றேன். எல்லாரும் கை தட்டுவாங்க, நீ முந்தானையில கண்ணத் தொடப்பே. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ள கூசும்மா! ஏன்னா..." அவன் தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "குறை அவகிட்ட இல்ல. என்கிட்ட. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டார். நீ என்னைக் கேவலமா நெனச்சிடுவேன்னு பயந்தேன். அவ தாங்கிக்கிட்டா. நீ பேசின பேச்சையெல்லாம் அவ வாங்கிக்கிட்டு நின்னா, நான் பக்கத்துலயே தட்டு திருப்பிக்கிட்டு இருந்தேன்!"

டீச்சரம்மா துணிப்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நீ... நீ ஏண்டி சொல்லல?"

"நீங்க உங்க பிள்ளையப் பெருமையாப் பாப்பீங்களே அத்தே... அதைக் கெடுக்க மனசு வரல."

"ஐயோ... இன்னைக்குக் காலையிலகூட... பிள்ளையக் கடன் வாங்கிட்டு வான்னு... இந்த வாயாலதானே சொன்னேன்!" டீச்சரம்மா தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினேன்! அந்த வசனத்த எழுதினவளே நான்தானேடி... அது எனக்குச் சொன்னதுன்னு தெரியாமப் போச்சே!"

அடித்துக்கொண்ட கையை மருமகள் பிடித்தாள். அந்தக் கை அவளை இழுத்து அணைத்தது. இருவருக்கும் நடுவில் நசுங்கிய குழந்தை, முதலில் சிணுங்கி, பிறகு மறுபடியும் மூக்குக் கண்ணாடியைக் குறி வைத்தது. மாமியார் தானாகவே தலையைக் குனிந்து கொடுத்தாள்.

கதவு தட்டப்பட்டது. போதகரின் குரல். "டீச்சரம்மா, ஆரம்பிக்கலாமா? உள்ள நிக்க எடமில்ல!"

மரியாள் வேடமிட்ட கல்லூரிப் பெண் குழந்தையை வாங்கப் பார்த்தாள். கூரை பிய்ந்துவிடும்போல ஒரு அலறல். மருமகள் கைக்குத் திரும்பியதும் கப்சிப். டீச்சரம்மா கண்ணைத் துடைத்தாள், பார்த்தாள், முடிவெடுத்தாள்.

"கண்ணு, அந்த நீலத் துணியக் கழட்டிக் குடும்மா."

"ஐயோ, தாராளமா டீச்சர்! எனக்குக் கீழ போட்டுடுவேனோன்னு ஒரே பயம்," என்று அந்தப் பெண் விட்டால் போதுமென்று கழற்றினாள்.

மாமியார் நீலத் துணியை மருமகள் தலையில் போட்டுச் சரிசெய்தாள்.

"அத்தே, எனக்கு வசனம்..."

"வருஷா வருஷம் கயிறப் பிடிச்சுகிட்டு நீ வாயசைச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அப்ப கயிறு யாரு இழுப்பா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

திரை விலகியது. அவசரத்தில் கோணலாக ஒட்டிய தாடியோடு யோசேப்பு நின்றான். அவன் வசனம் வந்தது. "இந்தப் பிள்ளை என் இரத்தம் இல்லை..." என்றவன் மனைவியைப் பார்த்தான். குரல் உடைந்தது. "ஆனாலும் நான் இதற்குத் தகப்பன்!" என்று அவன் சொன்ன சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. கதவைப் பற்றிய மிச்ச வசனம் கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

நாடகம் முடிந்தது. திரை மூட வேண்டும். மூடவில்லை. மண்டியிட்ட மேய்ப்பர்களுக்குக் கால் மரத்துப் போயிற்று. ஒரு தேவதூதன் கொட்டாவி விட்டான். தொழுவத்தில் கிடந்த பாலகன், குனிந்திருந்த யோசேப்பின் தாடியைப் பிடுங்கித் தின்னத் தொடங்கினான். மரியாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். திரைக் கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, கன்னமெல்லாம் கண்ணீராக, வாய் பிளந்து நின்றிருந்தாள் மாமியார்.

"அத்தே... திரை... திரைய மூடுங்க..."

"இருடி!" என்றாள் டீச்சரம்மா, முன்வரிசை வரைக்கும் கேட்கும்படி. "என் பேத்திய எல்லாரும் நல்லாப் பாத்துக்கட்டும்."