சமனி இல்லாத காலை

ஜெபக்கனி ஓடுபட்டையில் கால் வைத்ததும் எதிரே திரையாயிருந்த சுவர் விழித்துக்கொண்டது. அதில் கடற்கரைச் சாலை விரிந்தது. இடப்பக்கம், தோளோடு தோளாக, வடிவு ஓடி வந்தாள்.

“இன்னைக்கு மெதுவாப் போவோம்க்கா. நாளைக்குக் கதவு திறக்காங்கல்ல?”

“திறக்கட்டும். அதுக்காக இன்னைக்கு ஓடாம இருந்தா என் கால் சும்மா கெடக்குமா?”

பங்குனியில் மூடிய கதவுகள் அவை. வெயிலடைப்புக் காலத்தில் தூத்துக்குடியில் நிழலில் நின்றால்கூட வேர்வை காயாது. உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். அதனால் ஊரே குளிர்மனைகளுக்குள் அடங்கிவிடும். ஐப்பசி மழை இறங்கி மண் குளிர்ந்த பிறகுதான் சங்கு ஊதும். அதுவரை நீச்சல் எதிரோட்டத் தொட்டியில், சைக்கிள் உருளைகளின் மேல், ஓட்டம் இந்தப் பட்டையில்.

ஜெபக்கனி பல் மருத்துவர். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் முப்போட்டி மீது நாற்பது வயதுக்கு மேல் பித்துப் பிடித்தவள். பழைய ஆட்கள் அதை டிரையத்லான் என்பார்கள். வடிவு துறைமுகப் பக்கத்துக் குளிர்மனையில் இருந்தபடி பாரந்தூக்கிகளைத் தொலைவிலிருந்து இயக்குபவள். இந்த அடைப்பில்தான் சுவர் வழியே பழக்கம். நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் தை மாத இரட்டையர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பின்தங்கி வருபவரின் நேரம்தான் இணையின் நேரம் என்பது பந்தய விதி. தினமும் ஒன்றாகவே ஓடி முடிப்பவர்களுக்கு அதில் என்ன கவலை?

மறுநாள் விடியலில் சங்கு ஊதியது. கதவு திறந்ததும் ஈர மண்ணின் வாசம் முகத்தில் அடித்தது. தெருவில் பெரியவர்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேங்கிய மழைநீரில் குதித்தார்கள். தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜெபக்கனி சைக்கிளோடு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கையாட்டிக்கொண்டு நின்றவளை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

“ஏட்டி வடிவு! நீ என்ன பனைமரம் மாதிரி நிக்க?”

“நீங்கதான் குட்டியா இருக்கிய! சுவத்துல ஒரே உயரமால்லா இருந்தோம்?”

சிரித்துக்கொண்டே கடலில் இறங்கினார்கள். முதல் அலையே ஜெபக்கனியின் வாயில் உப்பை ஊற்றியது. தொட்டித் தண்ணீர் அவளை ஒருநாளும் இப்படி அறைந்ததில்லை. தலையைத் தாழ்த்தி மூச்சுப் பிடித்து நீந்தினாள். பக்கத்தில் போன படகிலிருந்து ஒரு மீனவர் கத்தினார்.

“எம்மா! இலங்கைக்கா போறிய? கரை அந்தால இருக்கு!”

கரையேறி சைக்கிளில் உட்காரும்வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அதன் பிறகு எதிர்காற்று வீசியது. வடிவு சற்று முந்தினாள், இன்னும் முந்தினாள். சைக்கிளை நிறுத்திவிட்டு ஜெபக்கனி ஓடத் தொடங்கியபோது, நீண்ட சாலையில் வடிவு ஒரு புள்ளியாகியிருந்தாள்.

தனக்குத்தான் உடம்புக்கு ஆகவில்லையோ என்று முதலில் நினைத்தாள். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. மெல்லத்தான் உறைத்தது. சுவருக்குள் ஒரு சமனி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்ந்து ஓடுகிறவர்களை அது ஒரே வரிசையில் காட்டும், உயரத்தையும் சமப்படுத்தும். அது மறைத்தது ஒன்றிரண்டு எட்டு வித்தியாசமாக இருக்கும் என்றுதான் நம்பியிருந்தாள். ஒரு சாலையையே அது மறைத்திருந்தது.

ஆனாலும் அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. சாலை முடிவில் வடிவு திரும்பி நின்று, இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா! வாங்க! அப்படித்தான்!”

போய்ச் சேர்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜெபக்கனி சொன்னாள்: “பந்தயத்துக்கு நீ வேற ஆளப் பாத்துக்கோ. உன் வேகம் எனக்கு ஏழு சென்மத்துக்கும் வராது.”

“பேசாம இருங்க.” வடிவின் கண்கள் கலங்கியிருந்தன. முகமோ சிரித்தது. “ஏழு மாசமா எம் பக்கத்துலயே ஓடுனிய. நீங்க வாறத ஒருநாளாவது நான் பாத்திருக்கனா? சுவத்துல யாரும் வாறதே கெடையாது. இருப்பாங்க, இல்லாமப் போவாங்க. இன்னைக்குத்தான் பாத்தேன். முதல்ல ஒரு புள்ளி. பெறவு செவப்புச் சட்டை. பெறவு உங்க மூஞ்சி. எவ்வளவு பாடுபட்டு வாறிய நீங்க! எனக்குத் தெரியவே தெரியாதேக்கா.”

“பந்தயத்துல தோத்துருவோம்டி.”

“தோப்போம். எல்லை வரைக்கும் சேந்து வந்து தோப்போம். ஆனா தை மாசம் வரைக்கும் உங்கள வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுவேன். சம்மதமா?”

ஜெபக்கனி நிமிர்ந்து, வந்த வழியே திரும்பி நின்றாள். காற்று இப்போது முதுகுப் பக்கமிருந்து வீசியது.

“எங்க, வெரட்டு பாப்போம்.”

“முதல்ல நீங்க போங்க. அந்தா தெரியுத பாலத்தத் தாண்டுனதும் நான் கெளம்புதேன்.”

ஜெபக்கனி ஓடினாள். பாலத்தைத் தாண்டியபோது அவள் மூச்சைத் தவிர வேறு ஒலியே இல்லை. சற்று நேரத்தில் எங்கோ பின்னால் ஈரச் சாலையில் காலடிகள் கேட்டன. பிறகு கொஞ்சம் கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில். ஒருத்தி தன்னை நோக்கித் தொலைவிலிருந்து ஓடி வரும் ஓசை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காமல், பிடிபடுவதற்குள் இன்னும் கொஞ்ச தூரம் போய்விடலாமென்று, வாய்விட்டுச் சிரித்தபடியே வேகத்தைக் கூட்டினாள்.