கறுப்புக் கட்டம்

டீச்சரம்மா வீட்டு மாடிப்படி மூலையில் யாரோ நிற்பதாக அவருடைய போனுக்குத் தகவல் வந்துகொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் போன் மறுபடியும் சிணுங்கும். 'ஆள் நடமாட்டம்' என்று எழுத்து ஓடும்.

தனியாக இருக்கிற பெண்மணி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெளிநாட்டு மகன் வற்புறுத்தியதால் கேமரா வைத்துக்கொண்டவர். அந்தத் தெரு முழுக்கக் கேமரா மாட்டியது ஒரே ஆள்தான் என்பதால் அவனைத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன். படிக்கட்டுக்கிட்ட ஆள் நிக்கிதுன்னு சொல்லுதுப்பா. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"பூச்சியா இருக்கும் டீச்சரம்மா. அசைஞ்சா அதுக்கு எல்லாமே ஆளுதான்."

"பூச்சி தினமும் ஒரே இடத்துலயா நிக்கும்?"

"ரிட்டையர் ஆகியும் கேள்வி கேக்குற பழக்கம் போகல பாருங்க," என்று சிரித்தான் கேமராக்காரன். "போனை வைங்க, நான் இங்கேருந்தே சரி பண்ணிடறேன்."

இங்கேயிருந்தே சரி பண்ணுவது அவனுடைய தொழில் ரகசியம். ஒரு வீட்டில் ரெக்கார்டரை வைத்து முடித்ததும் தன் போனிலிருந்து அந்த வீட்டை நீக்கிவிட வேண்டும் என்பது முறை. அவன் நீக்குவதில்லை. தெருவிலிருந்த அத்தனை வீட்டு ஹாலும் வாசலும் படிக்கட்டும் அவன் போனில் பக்கத்துப் பக்கத்து அறைகளாக அடுக்கிக் கிடந்தன. கடைசியில், அதே வரிசையில், அவன் வீட்டு ஹாலும் இருந்தது. யாராவது புகார் சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்தபடியே உள்ளே நுழைந்து, தட்டிக்கொட்டிவிட்டு, மிச்ச டீயைக் குடிப்பான். அலைச்சல் மிச்சம்.

டீச்சரம்மாவின் ஹாலைத் திறந்தான். சாயங்கால வெயில் தரையில் சாய்ந்திருந்தது. படிக்கட்டு மூலையில் ஒரு பச்சைக் கட்டம் நின்றது. ஆளைக் கண்டுபிடித்தால் கேமரா தானாக வரைகிற கட்டம் அது. அதற்குள் வெறும் சுவர். கட்டம் மட்டும் மெல்ல அசைந்தது, நின்று களைத்தவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவதுபோல.

அவன் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த மாதிரிப் புகாருக்கு அவனிடம் ஒரே மருந்துதான் இருந்தது: மாஸ்க். அந்த இடத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் கறுப்பாக ஒரு கட்டம் விழும். அதற்குள் என்ன நடந்தாலும் கேமரா பார்க்காது, பதியாது, கத்தாது. மரக்கிளைக்கு மாஸ்க், திரைச்சீலைக்கு மாஸ்க், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் அவர் ஜன்னலுக்கும் மாஸ்க். தன் மனைவிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும்போது வீட்டுக் கேமராவால் அவள் போன் கத்தினால் தலைமை நர்ஸ் முறைப்பாராம்.

இழுத்தான். விழுந்தது. சத்தம் நின்றது.

சில நாள் கழித்து டீச்சரம்மா மறுபடியும் கூப்பிட்டார். இப்போது அலமாரி பக்கத்தில் நிற்கிறதாம். அலமாரிக்கு ஒரு மாஸ்க் போட்டான். அதற்கும் பிறகு ஒரு மத்தியானம், அவர் குரலே மாறியிருந்தது.

"தம்பி, இப்ப என் நாற்காலிக்குப் பின்னாடி காட்டுதுப்பா. நான் உக்காந்திருக்கேன், என் தலைக்கு மேல கட்டம் தெரியுது. கொஞ்சம் வாயேன். கும்பிட்டுக் கேக்கறேன்."

அவன் அப்போது இரண்டு தெரு தள்ளி ஏணியில் நின்றுகொண்டிருந்தான். இறங்கினால் போய்விடலாம்.

"பயந்து சாகாதீங்க டீச்சரம்மா. இதோ போட்டாச்சு பாருங்க," என்றான். நாற்காலியையும் சேர்த்து மூடி ஒரு பெரிய கட்டமாக இழுத்தான்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஒரு தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தான்.

அந்த நிம்மதி சரியாக ஒரு வாரம்கூட இல்லை. வேறு ஏதோ வேலையாகப் போனைத் தடவும்போது டீச்சரம்மாவின் ஹால் திறந்துகொண்டது. மூன்று கறுப்புக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் கீழ்விளிம்புக்கு வெளியே செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நல்லது. மறுநாள் பார்த்தான். அதே பாதங்கள், அதே இடத்தில். ஒரு விரல் அசையவில்லை. தரையில் வெயில் வந்து போயிற்று, விளக்கு எரியவில்லை, பாதங்கள் அப்படியே இருந்தன.

மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பார்த்தான்.

நாற்காலி காலி. பாதங்கள் இல்லை. செருப்பும் இல்லை.

மறுபடியும் மாஸ்க் போட்டான். விளிம்புக்கு வெளியே இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

பழைய படம் எங்கேயோ தங்கிவிட்டது, ஆப்பில் கோளாறு என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். நடந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். அவன் போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகழுவி, மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, அப்பாவுக்கு ஏணி என்பதால் பள்ளி விட்டு வந்து கொஞ்ச நேரம் தனியாகத்தான் இருப்பாள். அதற்காகவே ஹாலில் ஒரு கேமரா, பேசினால் கேட்கிற மாதிரி. வந்ததும் கதவைப் பூட்டி, ஷூவைக் கழற்றி, கேமராவைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "அப்பா, வந்துட்டேன்!" என்பாள். படம் அவன் போனுக்கு வர மூன்று நான்கு விநாடி தாமதமாகும். அவன் "வந்துட்டியா சுண்டு?" என்று கேட்டால் அந்தக் குரல் அங்கே போய்ச் சேர இன்னும் கொஞ்சம் ஆகும். அதுவரை கையை நெற்றியிலிருந்து எடுக்காமல் நிற்பாள். அது அவர்களுடைய விளையாட்டு. அவனுடைய ஒரு நாள் முழுக்க அந்தச் சல்யூட்டுக்காகத்தான் ஓடியது.

அன்று அவன் ஒரு கிடங்கின் சுவரில் துளைபோட்டுக்கொண்டிருந்தான். செங்கல் தூள் முகத்தில் அப்பியிருந்தது. சட்டைப்பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. ஆள் நடமாட்டம். ஆள் நடமாட்டம். ஆள் நடமாட்டம். டீச்சரம்மா வீடுதான் என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான். அந்தப் பாதங்களை இன்னொரு தரம் பார்க்க அவனால் முடியாது. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து, தலையைத் திருப்பிக்கொண்டு, பச்சை தெரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். சத்தம் நின்றது. பெருமூச்சு விட்டான்.

பள்ளி விடும் நேரம் ஆனது. கிடங்கு வாசலில் உட்கார்ந்து தன் வீட்டைத் திறந்தான்.

ஹாலில், ஷூ அலமாரிக்குப் பக்கத்து மூலையில், ஒரு கறுப்புக் கட்டம்.

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: ஏணியில் நின்று பார்க்காமல் இழுத்தது இந்த வீட்டில்தான். அவன் எழுவதற்குள் கதவு திறந்து சுண்டு உள்ளே வந்தாள். பூட்டினாள். பையை இறக்கினாள். குனிந்து ஷூவைக் கழற்றினாள். சல்யூட்.

"அப்பா, வந்துட்டேன்!"

"சுண்டு, வெளிய போ! கதவைத் திறந்து வெளிய ஓடு!"

குரல் போய்ச் சேர வேண்டும். அதற்குள் அவள் தலை மூலைப் பக்கம் திரும்பியது. எதையோ கேட்கிற முகம். கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது.

"அப்பா, இங்க ஒரு டீச்சர் உக்காந்திருக்காங்க," என்றாள் கேமராவைப் பார்த்து. "செருப்பைப் போட்டுக்கிட்டே உள்ள வந்துட்டாங்க."

"கிட்ட போகாத! சுண்டு!"

"அழறாங்கப்பா." கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "அவங்க பின்னாடி நிக்கிறது யாருப்பா?"

அப்போதுதான் அவன் கத்திய முதல் வார்த்தைகள் அந்த ஹாலில் ஒலித்தன. வெளிய போ. கதவைத் திறந்து. அவள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். கறுப்பின் விளிம்பிலிருந்து எதுவும் நீளவில்லை, எதுவும் பாயவில்லை. அவள் மட்டும் பக்கவாட்டில் சறுக்கிப் போனாள், பாயோடு சேர்த்து இழுத்தமாதிரி. சடை ரிப்பன் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவன் மாஸ்க்கை அழித்தான். வேறு எதுவும் தோன்றவில்லை, கை தானாக அழித்தது.

மூலை காலி. சுவர். அலமாரி. ஒரு ஜோடி சின்ன ஷூ.

"ஐயோ."

திரும்பப் போட்டான். அவசரத்தில் கட்டம் குறுகலாக விழுந்தது. அதன் ஓரத்தில், நெற்றிக்குப் போன நிலையிலேயே, ஒரு சின்ன முழங்கை துருத்திக்கொண்டு நின்றது.

வண்டியை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தன் சாவியால் கதவைத் திறந்தான். ஹாலில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் வாசனை வந்தது. பை கிடந்தது. மூலையில் யாரும் இல்லை. சுவரைத் தடவினான், தட்டினான், நகத்தால் பிறாண்டினான். சுண்ணாம்புதான் வந்தது.

போனில் பார்த்தான். கறுப்பு அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் அவனுடைய முதுகு. அவன் மூலைக்குள் ஒரு அடி வைத்தான். மூன்று நான்கு விநாடி கழித்து, படத்தில் அவன் முதுகு கறுப்புக்குள் போய் மறைந்தது.

"அப்பா," என்றது போன். வீட்டில் சத்தம் இல்லை. போனில் மட்டும்தான். "கை குடுங்கப்பா."

வெறும் காற்றில் கையை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம்."

நீட்டினான். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவன் அழுதான். இந்தக் கட்டம் இருக்கிறவரைக்கும் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அழிக்க மாட்டேன், செத்தாலும் அழிக்க மாட்டேன் என்று சுவரிடம் சொன்னான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வீட்டு கேமரா நொய்நொய்னு கத்திட்டே இருக்கு. வார்டுல மானம் போகுது. இந்தக் கறுப்பு நீங்க போட்டதா? என்னதான்னு பாக்கலாம்னு எடுத்துட்டேன்."

"எடுக்காத! திரும்பப் போடு! அதுக்குள்ள சுண்டு..."

"ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலையே."

அவன் போனில் ஹால் தெரிந்தது. துடைத்துவைத்தாற்போல் காலி. அவன் கேமராவுக்கு நேர் எதிரே நின்றான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். மூன்று விநாடி. நான்கு விநாடி. இன்னும் கொஞ்சம் காத்தான்.

படத்தில் சுவர்தான் இருந்தது. சுவரின் மேல் ஒரு பச்சைக் கட்டம். ஆள் உயரம். உள்ளே யாரும் இல்லை. அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கட்டம் இருக்கிறதா என்று தேடினான்.

இல்லை.

"யாரும் இல்ல, சும்மா கட்டம் மட்டும் ஆடுது," என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. "அப்பனும் பொண்ணும் கடைக்குக் கிளம்பிட்டாங்கபோல. லைனும் கிடைக்கல. பூச்சியா இருக்கும். அவரு எப்பவும் அதைத்தான் சொல்லுவாரு."

"நான்தான்! நான்தாம்மா அது!"

"இருங்க சிஸ்டர், மறைச்சிடறேன். சொல்லிக்குடுத்திருக்காரு."

தலைக்கு மேல் கறுத்தது. மேலிருந்து கீழே, அவன் சொல்லிக்கொடுத்தபடியே, நிதானமாக இறங்கியது. விளக்கு போயிற்று. ஜன்னல் போயிற்று. கதவு போயிற்று. போனில் மனைவி மூச்சு விடுவது காதோரம் கேட்டது, நிம்மதியாக. "அப்பாடா, நின்னுடுச்சு."

இருட்டில் செருப்புத் தேய்ந்தது. இடது கையை ஒரு சின்னக் கை பிடித்தது. ஐஸாக இருந்தது.

"அப்பா, வந்துட்டீங்களா?"

வலது கையையும் ஒரு கை பிடித்தது. அதன் விரல்கள் அவன் மணிக்கட்டை முழுதாகச் சுற்றி வந்தன. பிறகு இன்னொரு சுற்று வந்தன.