வெளித் தாழ்ப்பாள்

“கடலுக்குத் தாகம் எடுத்தா அது எதம்மா குடிக்கும்?”

பூமிநாதன் நாலு வயதில், கப்பல் தளத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கேட்ட கேள்வி அது. பூமயில் அன்று சிரித்துவிட்டு அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். இப்போது அவனுக்கே கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கடல் காற்று எட்டாத முதுகுளத்தூரில், பங்குனி வெயில் ஓட்டுக் கூரையை வறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சமையலறையில் தனியாக நின்றிருந்தவளுக்கு அந்தக் கேள்வி திடீரென்று ஞாபகம் வந்தது. அடுப்பு மேடையில் இருந்த பித்தளைச் செம்பில் தண்ணீர் சாய்ந்து நின்றது.

செம்பு நேராகத்தான் இருந்தது. மேடையும் மட்டம் பார்த்துக் கட்டியதுதான். தண்ணீர் மட்டும் ஒரு பக்க விளிம்புவரை ஏறி, மறுபக்கம் இரண்டு விரல் இறங்கி நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தூங்கும் பிள்ளை புரண்டு படுப்பதுபோல மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு மெதுவாக இந்தப் பக்கம். பூமயில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெயில் கிறுகிறுப்பு என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஆட்டம் அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் போய்வந்த அந்தக் கப்பலைத் துறைமுகத்துச் சுமைகூலிகள் ‘கெளவி’ என்றுதான் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் உல்லாசமாக ஊர் சுற்றக் கட்டிய சின்னக் கப்பல். அவர்கள் ஆடிப் பாடிய கூடத்தில் வெங்காய மூட்டைகள் கிடந்தன. கூரையில் மட்டும் வண்ணக் கண்ணாடிப் பூக்கள் இரண்டொன்று பாக்கி இருந்தன. கணவன் கூத்தையா மன்னாரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்த காலத்தில் பூமயில் அதில் போய் வந்தாள். களை வெட்டியும் தண்ணீர் சுமந்தும் வளர்ந்தவளை உட்கார வைத்து, யாரோ ஒருவர் கையில் தேநீர் கொண்டுவந்து கொடுத்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான். வெயிலில் சூடேறிய மரப் பெஞ்சு, வார்னிஷும் டீசலும் ஏலக்காயும் கலந்த வாசனை, கப்பலின் அடிவயிற்றில் பூனைபோல உறுமும் எஞ்சின். அதைப் பற்றி அவள் சொல்லாத நாள் கிடையாது. தெருவில் அவளுக்குக் ‘கப்பக்காரம்மா’ என்றே பெயர்.

கடைசிப் பயணத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டாள்.

அன்று நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனது. இழுத்துப் போக வேறு கப்பல் வருவதற்குள் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. பூமிநாதன் காய்ச்சலில் துவண்டு, உதடு வெடித்து, தோளில் கிடந்தான். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு அவள் கீழ்த்தட்டு நடைவழியில் அலைந்தபோது, கடைசி அறைக் கதவில் இருந்த வட்டக் கண்ணாடி திறந்து ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். கை முழுக்க அம்மைக் கொப்புளங்கள். அந்தக் கையில் ஒரு பித்தளைச் செம்பு, அதில் மிதக்கும் வேப்பிலை.

“பிள்ளைக்குக் குடு தாயி. நான் பெறகு குடிச்சுக்கிருவேன்.”

அம்மை கண்டவளைத் தனியே அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். பூமயில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மாரியாத்தாளே நீட்டிய கை என்று நினைத்து வாங்கிப் புகட்டினாள். பிள்ளை பிழைத்தான். ஒரு கொப்புளம்கூடப் போடவில்லை.

கரை வந்ததும் கூட்டம் நெருக்கித் தள்ளியது. இடுப்பில் பிள்ளை, கையில் செம்பு. அந்தக் கதவைத் தாண்டும்போது, பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “வாரேங்க்கா.”

சாவு வீட்டிலும் அம்மை கண்ட வீட்டிலும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது அது. உள்ளே யாரோ மெல்லச் சிரித்தது கேட்டது.

“வா தாயி. செம்ப வெறுஞ்செம்பா கொண்டாந்துறாத.”

துறையில் கடைசி ஆள் இறங்கும்வரை பூமயில் காத்து நின்றாள். பச்சை குத்திய கைக்காரி இறங்கவில்லை. கேட்டதற்குச் சுமைகூலி ஒருவன், “எல்லாரும் எறங்கியாச்சு தாயி. கெளவி வயித்துல இனி ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு கூத்தையா ஊரோடு வந்துவிட்டான். கப்பலும் ஓடாமல் நின்றது. செம்பு மட்டும் அவளிடம் தங்கியது. தினமும் விடிந்ததும் முதல் தண்ணீரை அதில் பிடித்து, அந்த அக்கா எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் அவள் அடுப்புப் பற்ற வைப்பாள்.

போன மாதம் பூமிநாதன் பாம்பனிலிருந்து ஒரு வேனில் அந்தக் கதவைக் கொண்டுவந்து இறக்கினான். கனத்த தேக்கு. நடுவில் பித்தளை வளையம் போட்ட வட்டக் கண்ணாடி.

“பழைய சாமான் கடை மஹ்மூது பாய் வச்சிருந்தாரும்மா. ஒங்க கெளவியோட கதவுதான். மொளகா ரூம்புக்குப் போட்டுருவோம்.”

மருமகள் ராமலெட்சுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். “அத்தை, இனி வத்தல் எடுக்கப் போகணும்னா டிக்கெட் வாங்கணுமா?”

“ஒனக்கு டிக்கெட்டு இல்லடி, மூட்டைக்குத்தான்,” என்று பூமயிலும் சிரித்தாள். அப்புறம் அவள் கை கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தது. “ஏலே, இதுக்கு உள்ளுக்குள்ள தாப்பாளு எங்கன?”

“கிடையாதும்மா. வெளியிலதான். அந்தக் கப்பல்லயே இது ஒண்ணுதான் இப்பிடியாம்.”

அவள் சிரிப்பு நின்றது. அம்மா சந்தோஷப்படுவாள் என்று அவ்வளவு தூரம் சுமந்து வந்தவன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. கதவை மாட்டினார்கள். மழை கண்டு மூன்று மாதமான ஊரில், அந்த மரம் மட்டும் காலையில் வியர்த்திருந்தது. துடைத்தால் துணியில் உப்பு வெள்ளையாகப் பூத்தது.

இன்று எல்லோரும் குலசாமி கோயிலுக்குப் போயிருந்தார்கள். நாளைதான் வருவார்கள். முழங்கால் வலியால் அவள் தங்கிவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் முற்றத்தில் காய்ந்த மிளகாய் வற்றலை அள்ளிச் சாக்கில் போட்டு, மிளகாய் அறைக்குள் இழுத்துப் போனாள். தொண்டை கமறும் என்று செம்பையும் கையோடு எடுத்துக்கொண்டாள். அது சன்னல் இல்லாத அறை. மூட்டைகளிலிருந்து கிளம்பிய காரம் மூக்கில் ஏறியது. சாக்கைச் சுவரோரம் சாய்த்து நிமிர்ந்தபோது பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. இலை அசையாத பொழுது.

பிறகு, வெளியே, தாழ்ப்பாள் நகர்ந்தது. நிதானமாக, பழகிய கை நகர்த்துவதுபோல.

“யாரு? ராமலெட்சுமியா?”

கதவைத் தட்டினாள். தோளால் இடித்தாள். வட்டக் கண்ணாடியின் பித்தளைத் திருகைத் திருகிப் பார்த்தாள்; அசையவில்லை. பக்கத்து வீட்டு இருளம்மாளைப் பெயர் சொல்லி அழைத்தாள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் காரம் நெஞ்சுக்குள் இறங்கி இருமல் பிடுங்கியது. கண் எரிந்து ஒழுகியது. செம்பை எடுத்துக் குடித்தாள். மறுபடி கத்தினாள், மறுபடி குடித்தாள். வட்டக் கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம் தரையில் ஒரு தட்டுப்போல மஞ்சளாகக் கிடந்தது. நாளைவரை இந்தச் சூட்டில், இந்த நெடியில், உயிர் தங்குமா என்று கணக்குப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. இராமநாதசாமியை நினைத்துக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

தரையில் கிடந்த வெளிச்சத் தட்டு நகர்ந்தது.

மெதுவாகச் சுவர்வரை போனது. நின்றது. திரும்பி வந்தது.

மூட்டைகள் முனகின. கயிறு இறுகும் சத்தம். அடியில், தரைக்கும் அடியில், ஒரு உறுமல் தொடங்கியது. வார்னிஷ் வாசனை. டீசல். ஏலக்காய். எத்தனையோ வருடம் அவள் ஏங்கிய வாசனை அது. இப்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் மஞ்சளிலிருந்து பச்சையானது. பச்சை மங்கிக் கறுத்தது. கண்ணாடிக்கு அப்பால் முற்றம் இல்லை.

அவள் செம்பைப் பார்த்தாள். ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம். அது சாய்ந்து சாய்ந்து ஆடியது.

கதவில் பித்தளைத் திருகு சுழன்றது.

வட்டக் கண்ணாடி உள்பக்கமாகத் திறந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டில் தேள். நீரில் ஊறிச் சுருங்கி வெளுத்த தோல். கொப்புளங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுக் கடல் தெளிந்து நின்றது.

கை விரிந்தது.

“செம்பக் கழுவிக் கொண்டாந்தாச்சா தாயி?”

குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. காய்ந்துபோன குரல்.

பூமயிலின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வாய் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கலாம். செம்பு உதடுவரை வந்துவிட்டது. பித்தளையின் குளிர்ச்சி உதட்டில் பட்டபோது, ‘நான் பெறகு குடிச்சுக்கிருவேன்’ என்ற சொல் ஞாபகம் வந்தது. அந்த அக்கா எப்போது குடித்தாள்? குடித்தாளா?

வெறுஞ்செம்பாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

அவள் எழுந்தாள். செம்பை அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. கை வெளியே போனது.

குடிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு வாய்த் தண்ணீர்தான். ஆனால் சத்தம் நிற்கவில்லை. மடக்கு மடக்காக, மூச்சு விடாமல். முற்றத்துக் குடங்கள் ஒவ்வொன்றாக உறிஞ்சப்படும் களகளப்பு. பெரிய டிரம். ஆட்டுக்கு வைத்த தொட்டி. எல்லாம் தீர்ந்த பிறகு, நெடுநேரம் கழித்து, ஒரு பெருமூச்சு.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது.

முற்றம். அந்தி வெயில். சிதறிக் கிடந்த சிவப்பு வற்றல். யாரும் இல்லை. பூமயில் தள்ளாடி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். குடங்களின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. பின்னால் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானே விழுந்தது.

முடிந்தது என்று நினைத்தாள்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, மரியாதையாக, குழம்புக்கு உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி தட்டுவதுபோல.

திரும்பிப் பார்த்தாள். வட்டக் கண்ணாடியில் பாதிவரை பச்சைத் தண்ணீர், சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த உள்ளங்கை கண்ணாடியில் பதிந்திருந்தது. மறுபடி தட்டியது.

தெருவுக்கு ஓடிவிடலாம். கதவை ஆணி அடித்துவிடச் சொல்லலாம். நாளை இந்த முற்றத்தில் பேத்தி ஓடி விளையாடுவாள். பூமயில் வாசல்வரை போனாள். அங்கே நின்றாள். செம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, தண்ணீரும் சேர்ந்துவிட்டது. ஆனால் அன்று அந்த நடைவழியில் எத்தனையோ பேர் கரையைப் பார்த்து ஓடினார்கள். கதவு பூட்டாமல் வெறும் தாழ்ப்பாளோடுதான் இருந்தது. ஒரு விரலால் தள்ளியிருந்தால் போதும். யாரும் தள்ளவில்லை, பூமயிலும். பூமிநாதனும் அவன் பிள்ளையும் இந்த உலகத்தில் நடமாடுவது அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவளால்தான்.

தட்டும் சத்தம் நின்றிருந்தது. காத்திருந்தது.

அவள் திரும்பி வந்தாள். தாழ்ப்பாள் பனிபோலக் குளிர்ந்தது. தள்ளினாள்.

பிறகு, சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவள்போல, ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வாசலைப் பார்த்து நடந்தாள். முற்றத்தில் வேறு சத்தமே இல்லை. பார்க்க ஒரு காக்கைகூட இல்லை.

பின்னால் கதவு முனகியது. காய்ந்த வற்றல் மேல் ஒரு ஈரக் கால் பதிந்து எழுந்தது. இன்னொரு கால்.

அவள் நிற்கவில்லை. கால் சத்தம் அவள் நடைக்குச் சரியாக, ஒரு எட்டுப் பின்னால், சாய்ந்து சாய்ந்து தொடர்ந்தது. காதோரம் உப்புக் காற்று பட்டது.

“வாரேன் தாயி,” என்றது குரல்.