அவள் ஓட்டாத கார்

"இடிச்சவ எழுந்தாச்சா? காரைத்தான் நசுக்கினா, பொழுதையுமா நசுக்கணும்!"

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரல் சமையலறைக்குள் வந்து விழுந்தது. மருமகள் எழுந்து ஒரு மணி நேரமாயிற்று. அடுப்பில் பால்கூடப் பொங்கி அடங்கிவிட்டது.

அந்தக் கார் மோதியபோது அவள் அதில் இல்லவே இல்லை... வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்! அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பத்து நாளுக்கு முன் சந்திலிருந்து சீறிக்கொண்டு வந்து ரொட்டிக்கடைக்காரரின் வேனில் மோதியவன் அவள் கொழுந்தன். வயது இருபத்திரண்டு. இருபத்தைந்துக்குக் கீழே உள்ளவர் ஓட்டி இடித்தால், இன்ஷூரன்ஸ் பணம் வருமுன் வீட்டார் கையிலிருந்து போட வேண்டிய பங்கு மூன்று மடங்கு! அன்று மாமியார் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ ஓட்டினதா ஒரே ஒரு கையெழுத்தும்மா... நீ எனக்கு மக மாதிரி!" கொழுந்தன் அவனுடைய எட்டு வயதிலிருந்து அவள் சோறூட்டி வளர்த்த பிள்ளையாயிற்றே... போட்டுவிட்டாள்.

வெளியாள் முன் வாய் தவறக் கூடாதென்று வீட்டுக்குள்ளும் அப்படியே பேசிப் பழகினார்கள். 'அண்ணி இடிச்ச அன்னிக்கு', 'இவ இடிச்சதிலேருந்து'... இரண்டு நாள் அது சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. பொய் தங்கிவிட்டது.

பதினாலு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. விஷயம் எட்டியதும் தலைமை ஆசிரியை, "தப்பு உங்க மேல இல்லைன்னு இன்ஷூரன்ஸிலேருந்து கடிதம் வரட்டும், அப்புறம் சாவி தர்றேன்" என்றுவிட்டார். ரொட்டிக்கடைக்காரரோ தப்பு தன் மேல் இல்லையென்று சாதித்தார். அதை விசாரிக்கத்தான் இன்று காலை இன்ஷூரன்ஸ் அதிகாரியம்மாள் கோப்பும் கையுமாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"யார் மேலம்மா தப்பு?"

கணவன் முந்திக்கொண்டான். விசாரணை நீண்டு ரொட்டிக்கடைக்காரர் நேரில் வந்தால் ஓட்டியவன் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவாரே! "இவ மேலதான் மேடம். அப்படியே எழுதி முடிச்சிடுங்க. கட்ட வேண்டியதுக்கு இவ வளையல் இருக்கு."

"அண்ணிக்கு வலது இடதே தெரியாது மேடம்!" கொழுந்தன் சிரித்தான். "சாப்பிட உக்கார்றப்பதான் வலது கை ஞாபகம் வரும்!"

அவள் அவனையே பார்த்தாள். உண்மையை ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரேக் எங்கே போட்டீங்க?" அதிகாரியம்மாள் அவளைக் கேட்டாள்.

"தெரியாதும்மா... நான் அங்கே இல்லை."

"அடிப்பாவி!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "வாழ வந்த வீட்டுக்கே கொள்ளி வைக்கிறியேடி!"

கொழுந்தனின் வெளுத்த முகத்தைப் பார்த்து அதிகாரியம்மாள் பேனாவை மூடினாள். "அப்போ ஓட்டினது இந்தத் தம்பிதானா? ஒரு காசு வராது. பொய்க் கையெழுத்துன்னு உங்களைப் பத்தியும் எழுதியாகணும்மா. உங்க வேலைக்கே ஆபத்து..."

"செஞ்ச தப்பை எழுதுங்க. செய்யாததை அடிச்சிடுங்க."

அந்த அம்மாள் படியிறங்கியதும் கணவன் சீறினான். "என் தம்பிக்காக இதைக்கூடத் தாங்கிக்க மாட்டியா?"

"தாங்கினேனே! ஊர் திட்டினதைத் தாங்கினேன். வேலை போனதையும் தாங்கினேன்..." அவள் அலமாரியைத் திறந்தாள். "நடந்தது தெரிஞ்ச நீங்களே அதை நிஜமாக்கிட்டீங்களே... அதைத்தான் தாங்க முடியலை!"

இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். பள்ளிக்கூடத்தில் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அக்கா வீடு.

"போறவ போகட்டும்... மத்தியானச் சமையலுக்கு என்ன வழி?" மாமியாரின் கவலை அது.

வாசலில் கொழுந்தன் ஓடி வந்து பையைப் பிடித்தான். பத்து நாளில் முதல் முறையாக அவன் கண் கலங்கியிருந்தது. "அண்ணி... மன்னிச்சிடுங்க அண்ணி. நசுங்கினாலும் கார் ஓடுது, நானாவது கொண்டுபோய் விடறேனே..."

வளர்த்த கை ஒரு கணம் அவன் தலைக்கு உயர்ந்தது. பிறகு இறங்கிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டது.

"வேணாம்ப்பா, நடந்தே போறேன். வழியில நீ எதையாவது இடிச்சா, அதையும் நான்தான் இடிச்சேன்னு சொல்வீங்க."